சோக்கில் தொங்கிய பை

ஏங்க,

முதல் ஃபெர்ரியில காரை ஏத்திக்கிட்டு அக்கரைக்கு, சாத்தாம் போறேன். நாலாவது தடவையா புகை டெஸ்ட். மூணு தடவை ஃபெயிலானதுக்கு நான் ஓட்டுற லட்சணம்தான் காரணம்னு உங்க தம்பி முன்னாடி சொன்னீங்களே, நிஜக் காரணத்தை நேத்து பார்த்துட்டேன். ஸ்டார்ட் பண்ண மட்டும் இழுக்க வேண்டிய சோக் குமிழ்ல, குடை திணிச்ச மார்க்கெட் பையை மாட்டி வச்சிருக்கீங்க. நாள் பூரா சோக் இழுத்தபடியே ஓடினா, பாவம், அது கறுப்பாத்தான் கக்கும்.

இட்லி ஹாட்பாக்ஸ்ல. பத்து மணிக்கு காரைப் பழைய இரும்புக்கு எடுக்க, நீங்க சொல்லி வச்ச கபாடிவாலா வருவார். டீ கொடுத்துத் திருப்பி அனுப்புங்க.

பை கதவு ஆணியில தொங்குது. நடந்தே போய் மீன் வாங்கிட்டு வாங்க.

மங்கை

பி.கு. பெரிய மீனா பாருங்க. மத்தியானம் உங்க தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன். பை கதையை நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?