ஷாலினியா, மாலினியா

அக்கா,

இன்று காலை அம்மா தகரப் பெட்டியைத் திறந்தாள். அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, உன்னுடைய பழைய கவுன் ஒன்று வெளியே வரப்போகிறது என்று. வந்தது. நீலத் துணியில் வெள்ளைப் பொட்டு போட்டது. அம்மா அதை மூக்கில் வைத்து மோந்துவிட்டுப் பாப்பாவுக்கு மாட்டிவிட்டாள். பாப்பா கொஞ்ச நேரம் காலை உதைத்தது. பிறகு நெஞ்சு முழுக்கப் பாலைக் கக்கி வைத்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறந்துபோனவர்களுக்கு எழுதுகிறவர்கள் எல்லாரும் உருகி உருகி எழுதுகிறார்கள். நானும் நிறையப் படித்திருக்கிறேன். உன் விஷயத்தில் எனக்கு அது வரவில்லை.

உனக்கு இன்னொரு தங்கச்சி பிறந்திருக்கிறாள். நீ எலிக்காய்ச்சலில் போன மழைக்கு அடுத்த மழையில் பிறந்தாள். அம்மா வயிற்றைத் தள்ளிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய் அப்பாவின் காய்கறிக் கடையில் உட்கார்ந்தபோது என்னென்ன பேச்சுக் கேட்டாள் தெரியுமா? "பத்தாங்கிளாஸ் படிக்கிற பிள்ளையை வச்சுக்கிட்டு இது என்ன கூத்து?" என்று முகத்துக்கு நேரேயே கேட்டார்கள். அம்மா சிரித்துக்கொண்டு வெண்டைக்காயைப் பொறுக்கிப் போட்டாள். ஏன் சிரித்தாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை. நீ திரும்பி வருகிறாய் என்று அவள் முன்னாடியே முடிவு கட்டியிருந்தாள்.

பாப்பா பிறந்ததும் ஊரே அதற்குச் சாட்சி சொல்ல வந்தது. பக்கத்து வீட்டு மலையாளத்து ராதா சேச்சிதான் முதலில். குளிப்பாட்டும்போது தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அவள் தன்னே! ஆ சுழி கண்டோ?" என்று கத்தினாள். உச்சந்தலைச் சுழி உன்னுடையதேதானாம். கம்பத்திலிருந்து வந்த பெரியம்மா முகவாயைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். "சந்தேகமே இல்லடி. ஷாலுதான். ஆத்தாள விட்டுட்டு அவளால இருக்க முடியுமா?"

ஆத்தாளை விட்டுவிட்டு இருக்க முடியாதவளாம் நீ! எறணாகுளத்தில் ஹாஸ்டலில் சேர்த்துவிடச் சொல்லித் தட்டைத் தூக்கி எறிந்தவள் யார்? "இந்த வீட்டுல மனுசி இருப்பாளா?" என்று வாசலில் நின்று கத்தி, தெருவில் சாயா குடித்துக்கொண்டிருந்தவர்களை எல்லாம் திரும்பிப் பார்க்க வைத்தவள் யார்? இப்போது யாரைக் கேட்டாலும் நீ தங்கம். அதிர்ந்து பேச மாட்டாயாம். குழந்தையில் அழவே மாட்டாயாம். பாப்பா அழும்போதெல்லாம் அம்மா, "ஷாலு அழ மாட்டாளே, ஷாலுக்குட்டி அழ மாட்டாளே" என்று தட்டிக்கொடுப்பாள். அப்போது பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளை, பசித்தால் அழக்கூடவா கூடாது?

அப்புறம் உன் படம். சுவரில் மாலை போட்டு வைத்திருந்தோமே, அதை அம்மா கழற்றச் சொன்னாள். "வந்துட்டவளுக்கு எதுக்கு மாலை? கழட்டுங்க." அப்பா ஸ்டூலைப் போட்டு ஏறினார். படத்தை பீரோ மேல் கவிழ்த்து வைத்தார். நீ இறந்ததையே இனிமேல் இந்த வீட்டில் சொல்லக் கூடாது என்று ஆகிவிட்டது. இறந்தால்தானே சொல்வதற்கு? தொட்டிலில் படுத்துக்கொண்டு கை சப்புகிறாயே.

பாப்பாவுக்கு உன் பெயரையே வைப்பது என்று அம்மா சொல்லிவிட்டாள். அன்றைக்குத்தான் நான் அவளுக்கு வேறு பெயர் தேட ஆரம்பித்தேன்.

அம்மாவுக்கு வலிக்கக் கூடாது என்பதையும் நினைத்துத்தான் தேடினேன். அடியோடு வேறு பெயர் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். அதனால் உன் பெயருக்குப் பக்கத்தில் ஒலிக்கிறதாக, ஆனால் உன் பெயராக இல்லாததாக ஒன்று வேண்டும். மாலினி. சொல்லிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. மாலு என்று கூப்பிடலாம். இங்கே பள்ளியிலும் யாரும் முகத்தைச் சுளிக்காமல் கூப்பிடுவார்கள்.

பெரியம்மா கேட்டுவிட்டுச் சிரித்தாள். "ஷாலினி, மாலினி. இதுல என்னடி பெரிய வித்தியாசத்தக் கண்ட? அக்கா பேரையே வச்சுட்டுப் போக வேண்டியதுதான?"

"வித்தியாசம் இல்லன்னா மாலினின்னே வைங்க பெரியம்மா."

"வாயப் பாரு! அப்படியே ஷாலு."

"அப்ப நான்தான் ஷாலு. பாப்பாவ விட்டுருங்க."

அதற்குப் பிறகு பெரியம்மா என்னோடு பேசவில்லை. அப்பாவிடம் போனேன். தக்காளிப் பெட்டியில் அழுகியதைத் தனியாக எடுத்துக்கொண்டிருந்தார். "எனக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா. அம்மா எதச் சொல்றாளோ அது" என்றார். தலையை நிமிர்த்தவே இல்லை. அவருக்கு இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும்.

உனக்கும் எனக்கும் கம்பத்தில் பெயர் வைத்தார்கள். பாப்பாவுக்கு இந்த ஊர் முறைப்படி இருபத்தெட்டாம் நாள். இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டி, ஒரு காதை வெற்றிலையால் மூடி, இன்னொரு காதில் அப்பா மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். ராதா சேச்சி எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டாள். பெரியம்மா பாயசத்துக்கு வெல்லம் தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளறையில் அம்மா பாப்பாவுக்கு மை இட்டுக்கொண்டிருந்தாள். நான் கதவைச் சாத்திவிட்டு நின்றேன்.

"அம்மா, அக்கா பேரு வேண்டாம்மா."

"ஒனக்குப் பொறாம. அவ இருக்கும்போதும் பொறாம, இப்ப இவ மேலயும் பொறாம."

"ஆமா, பொறாமதான்! நான் அவ போட்ட யூனிஃபார்மத்தான் போட்டேன். அவ படிச்ச புஸ்தகத்துலதான் படிச்சேன். டீச்சரெல்லாம் என்னைய ஷாலினியோட அனியத்தி, ஷாலினியோட தங்கச்சின்னுதான் கூப்பிட்டாங்க. கோவம் வந்தா நான் அவகிட்டயே போயிச் சண்ட போட்டேன். இவ யாருகிட்டம்மா போயிச் சண்ட போடுவா?"

அம்மா மை டப்பாவை மூடினாள். எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

"சரி, அதை விடு. ஷாலுக்கா அவ சீப்பையே யாருக்கும் தர மாட்டா. சோப்பு டப்பா, சார்ஜர், தண்ணி பாட்டில், எல்லாத்துலயும் நெயில் பாலிஷ்ல 'ஷா'ன்னு எழுதி வச்சவ. ஒரு ஹேர்பின்ன எடுத்ததுக்கு சீப்ப வீசி என் நெத்தியக் கிழிச்சா. அவ பேரத் தூக்கி இவளுக்குக் குடுக்கறியே, கேட்டியா அவள? அவ குடுப்பாளா?"

அம்மா என்னைப் பார்த்தாள். என் நெற்றித் தழும்பைப் பார்த்தாள். பிறகு அவள் வாய் கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள் அக்கா. பாப்பா பயந்து கண்ணைத் திறக்கிற அளவுக்குச் சிரித்தாள்.

"குடுக்க மாட்டா. கைய ஒடிச்சிருப்பா. எமகாதகி, எங்கம்மாவே, என்னா ஆட்டம் ஆடுவா..."

சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழுகைக்குள் போய்விட்டாள். தோப்பும்படியில் நீ வேலை பார்த்த ஜவுளிக்கடை, அந்தக் கடைசி வாரம் காய்ச்சலோடு நனைந்துகொண்டு நீ அங்கே போனது, "சும்மா தலவலிதான், நீ வேலயப் பாரு" என்று நீ எரிந்து விழுந்தது, எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். பாப்பா பிறந்ததிலிருந்து உன்னைப் போய்விட்டவளாக அவள் பேசியது அதுதான் முதல் தடவை. நான் பாப்பாவை வாங்கிக்கொண்டு நின்றேன்.

கூடத்தில் அப்பா மடியில் பாப்பாவை வைத்துக்கொண்டு, வெற்றிலையைக் காதில் பொத்திக்கொண்டு, அம்மாவைப் பார்த்தார். என்ன பெயர் என்று வாய் திறந்து கேட்கவில்லை. அம்மா அவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"மாலினி," என்றாள்.

பெரியம்மா வாயைத் திறந்தாள். ராதா சேச்சி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். அப்பா குனிந்து மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை அவர் குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. பாப்பாவுக்குக் கேட்டிருக்கும்.

அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். நான் பின்னாலேயே போனேன். பாத்திரம் ஒன்றும் இல்லாத தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. திரும்பாமலே கேட்டாள்: "திருப்தியா?"

இதற்குத்தான் உன் மேல் எனக்குக் கோபம். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை அம்மா நம்பவில்லை. அப்பா சொன்னதையும் நம்பவில்லை. கடைசியில் நீ செத்துப்போய்விட்டாய் என்று அம்மாவிடம் சொல்லி நம்பவைத்தவள் நான். பதினைந்து வயதில் எனக்கு இது என்ன வேலை? ஒரு நாள் முன்னாடி, ஒரே ஒரு நாள் முன்னாடி, "முடியலம்மா" என்று நீ சொல்லியிருந்தால் எனக்கு இந்த வேலையே வந்திருக்காது. உன் திமிர், சொல்லவில்லை.

படத்தை அப்பா மறுபடி மாட்டிவிட்டார். பெரியம்மா ஊருக்குப் போய்விட்டாள்; போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அம்மா பல நாள் பாப்பாவைப் பெயர் சொல்லியே கூப்பிடவில்லை. "ஏ இவளே" என்றுதான் கூப்பிட்டாள். இன்று கவுனெல்லாம் பாலாகிப்போன பிறகுதான், "அடி மாலு, கழுத, இப்பத்தான மாத்துனேன்!" என்று திட்டினாள். திட்டிவிட்டுத் தானே ஒரு நிமிஷம் நின்றாள். மாலு அழுதது. அதை யாரும் அழாதே என்று சொல்லவில்லை.

இவள் பெரியவளாகி, சுவரில் இருக்கிறது யார் என்று கண்டிப்பாகக் கேட்பாள். எல்லாரும் தங்கம், தேவதை என்று சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லப்போவதில்லை. "அது நம்ம பெரியக்கா. பொல்லாதவ. அவ சாமானத் தொட்டா அடிப்பா. ஒடம்பு சரியில்லன்னாகூட வாயத் தொறந்து சொல்ல மாட்டா. நீ அவ இல்ல. ஒனக்கு வலிச்சா ஒடனே எங்கிட்ட வந்து சொல்லணும்" என்று சொல்வேன்.

ரேணு