சேனை வெட்டினவனுக்குக் காந்தல்

கை அரிக்கிறது மக்கா. ஆரியசாலையில் வாங்கின சேனையை வெட்டி, மற்ற கிழங்குகளோடு அடுப்பில் ஏற்றிவிட்டு இதை எழுதுகிறேன். எண்ணெய் தடவிக்கொண்டுதான் வெட்டினேன், இருந்தும் மணிக்கட்டு வரைக்கும் சிவந்துவிட்டது. நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

நாகர்கோயிலிலிருந்து வேலைக்கு வந்து, கழக்கூட்டத்து ஃப்ளாட்டில் நாம் ஒன்றாக இருந்த ஆறு வருஷமும் ஞாயிற்றுக்கிழமை என்றால் கிழங்குப் பிரட்டல்தான். மரச்சீனிக்கும் சேம்புக்கும் நான் தோல் சீவுவேன். சேனைப் பக்கமே போகமாட்டேன். "கீபோர்டு தட்டுற கைக்கு என்னா கொஞ்சல்!" என்று நக்கலடித்துக்கொண்டே நீ வெட்டுவாய். வெந்த கிழங்கை இரும்புச் சட்டியில் கொட்டி, நசுக்கின சின்ன உள்ளியும் காந்தாரி மிளகாயும் போட்டு, கரண்டியால் அமுக்கிக் கிளறாமல் விடுவோம். அடியில் முறுகிப் பிடிக்கும் காந்தலுக்குத்தான் சண்டை. சட்டம் நீ போட்டது: "சேனை வெட்டுனவனுக்குத்தாம்ல காந்தல்." ஆறு வருஷமும் ஒரு துணுக்குக்கூடத் தராமல் நீயே தின்றாய், படுபாவி.

பிறகு உன் தொண்டையில் அந்த நோய் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், காற்றாகிப்போன குரலில் ஒன்றே ஒன்று கேட்டாய். "பிரட்டல் கொண்டு வா மக்கா. காந்தலோட."

குழைவாக மட்டுமே கொடுக்கலாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சேனை வெட்டினேன். காந்தலைச் சுரண்டிக் குப்பையில் போட்டேன். கொண்டுவந்தால் மனசு கேட்காமல் கொடுத்துவிடுவேனோ என்று பயம். மிச்சத்தைக் கூழாக மசித்து எடுத்து வந்தேன்.

டப்பாவைப் பார்த்தாய். "காந்தல் எங்கல?" நான் வாயைத் திறப்பதற்குள் என் சிவந்த கையைப் பிடித்துப் பார்த்தாய். "ஓ, நீயா வெட்டுன? அப்போ செரி. சட்டம் சட்டம்தான். நல்லா இருந்துச்சா?"

"ஆமா" என்றேன்.

இரண்டு ஸ்பூன் தின்றாய். அடுத்த ஞாயிறு நீ இல்லை.

ஒரு விள்ளல் நாக்கில் வைத்திருந்தால்தான் என்ன? விழுங்கவா வேண்டும்? ருசி பார்த்துவிட்டுத் துப்பியிருக்கலாமே. எனக்கு அன்றைக்கு அது தோன்றவே இல்லை மக்கா. அதைத்தான் தாங்க முடியவில்லை.

எழுந்துபோய்ப் பிரட்டி முடித்து, அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். காந்தல் நன்றாகவே பிடித்திருக்கிறது. வெட்டினது நான், சட்டப்படி எனக்குத்தான். சுரண்டித் தட்டில் வைத்துக்கொண்டு வெகுநேரமாக உட்கார்ந்திருக்கிறேன். நல்லா இருந்துச்சு என்று உன்னிடம் சொன்னேனே, அதன் ருசி எனக்கு இன்றுவரை தெரியாது.