மிஷினில் ஏறாத பேச்சு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நலம். அப்பாவும் நலம், முழங்காலைத் தவிர. பிடிவாதம் மட்டும் முழு ஆரோக்கியத்தோடு இருக்கிறது. மாப்பிள்ளையையும் குட்டிப் பயலையும் கேட்டதாகச் சொல்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரலாமா, அப்பா என்ன சொல்வார் என்று கேட்டிருந்தாய். நான் என்னத்தை எழுத? நீ உன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்டு போன இந்த மூன்று வருஷமாக, உன் பேச்சை எடுத்தாலே மனிதர் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

இதற்கு நடுவில் இங்கே ஒரு பெண் வந்தாள். இந்த மலையில் நாம் எப்படிப் பிழைத்தோம், பனி மூடினால் என்ன தின்றோம் என்று வீடு வீடாக உட்கார்ந்து பேசச் சொல்லிப் பதிவு செய்கிறாள். தங்கமான பெண். உன் அப்பா முன்னாலும் மைக்கை வைத்தாள்.

அவரைத்தான் தெரியுமே! பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீடுகளைக் கூப்பிட்டே பழகிய தொண்டை. மைக்கைப் பார்த்ததும் இன்னும் கூட்டிக் கத்தினார். அந்தப் பெண் காதில் மாட்டியிருந்ததைப் பிடுங்கிப் போட்டாள். "ஐயா, கொஞ்சம் மெதுவா பேசுங்க" என்றால், "எவ்வளவு தூரத்துக்குக் கேக்கணும்?" என்கிறார். அவளும் சொல்லிச் சொல்லி அலுத்து, மிஷினில் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

பிறகு அவள், பாதை மூடிக் கிடந்தபோது யாருக்காவது உடம்பு முடியாமல் போனதுண்டா என்று கேட்டாள். மனிதரின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. சின்னதில் உனக்குக் காய்ச்சல் வந்ததே, முதுகில் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கினாரே, அதைச் சொன்னார். "எம் பொண்ணு" என்றார். மூன்று வருஷத்தில் முதல் தடவை! "வழியெல்லாம் பேச்சுக் கொடுத்துக்கிட்டே போனேன். 'ம்'னு சத்தம் வந்தா எனக்கு உசிரு வரும். இப்ப பாதி மலையைக் கூப்பிடுறேன், அவளை மட்டும் எப்படிக் கூப்பிடுறதுன்னு தெரியல" என்றார். அடுப்படியில் நின்ற எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் அந்தப் பெண் முகம் வாடி வந்து நின்றாள். சத்தத்தைக் குறைத்து வைத்திருந்ததால் அந்த இடம் மட்டும் பதிவாகவே இல்லையாம். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். "நான் ஒண்ணும் சொல்லலையேம்மா" என்று உன் அப்பா சாதித்துவிட்டார். பதிவாகியிருந்தால் அதையே உனக்கு அனுப்பியிருப்பேன். இப்போது என் வார்த்தைதான் இருக்கிறது. அம்மா சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று மட்டும் நினைத்துவிடாதே.

அன்றையிலிருந்து விடிந்ததும் கடப்பாரையோடு கிளம்பிவிடுகிறார். பஸ் நிற்கும் இடத்திலிருந்து நம் வீடு வரைக்கும் பாதையில் கிடக்கிற கல்லையெல்லாம் பெயர்த்து ஓரத்தில் போடுகிறார். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு இதெல்லாம் எதற்கு என்று சத்தம் போட்டேன். ஆடு கால் இடறுகிறதாம். நாம் ஆடுகளை விற்று இரண்டு வருஷம் ஆகிறது, கண்ணு.

பனி விழுவதற்குள் வந்துவிடு. அவர் கூப்பிடட்டும் என்று காத்திருக்காதே. பாதை நன்றாக இருக்கிறது. பேரனைத் தூக்கிக்கொண்டு வராமல் நடக்கவிட்டே கூட்டி வா.

மூன்று பேரும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டும்
உன் அம்மா