வெள்ளை நாயும் என் சிவப்பு மையும்

மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்
1942 நவம்பர் 17, செவ்வாய் மாலை

அன்புள்ள மகள் இன்பத்துக்கு,

ஒன்றுமறியாத பிள்ளை எழுதிய கதையில் ஒரு பொருள் இருந்தால் அந்தப் பொருள் யாருடையது? எனக்குப் பதில் தெரியவில்லை. டில்லியில் பெண்களுக்கு இலக்கியம் சொல்லிக்கொடுக்கிற உனக்காவது தெரிகிறதா பார். நலம் விசாரிக்காமல் கேள்வியோடு தொடங்கிவிட்டேன், மன்னித்துக்கொள். கர்த்தர் கிருபையால் நானும் உன் அப்பாவும் உடம்பளவில் சுகம், நீயும் அந்தக் குளிரில் சுகமாயிருக்க வேண்டும். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, தூதுவளை ரசத்துக்குத்தான் கேட்கிறது. இதை நான் தபாலில் போடவில்லை. நம் சபை மூப்பர் மகன் ராபர்ட் வியாழக்கிழமை டில்லிக்குப் புறப்படுகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஏன் என்பது படிக்கப் படிக்கப் புரியும்.

என் எட்டாம் வகுப்பில் கருத்தம்மா என்று ஒரு பெண் இருக்கிறாள், பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கிறாள். தாய் இல்லை. தகப்பன் பெயர் சமுத்திரம், ராஜபாளையத்தில் மில் வேலை. அண்ணன் சின்னக்கருப்பன் ஆகஸ்டு மாதம் தந்திக் கம்பி அறுத்தான் என்று பிடித்துப்போய் இன்னும் சிறையில் இருக்கிறான். போன மாதம் வகுப்பில் ஆளுக்கொரு கதை எழுதச் சொன்னேன், அவள் எழுதியது ஒரு நாயைப் பற்றி. மழைக்கு ஒதுங்கிய வெள்ளை நாய்க்கு ஒரு வீட்டார் கஞ்சி ஊற்றுகிறார்கள், அது வாசலிலேயே படுத்துக்கொள்கிறது, நாளாக ஆக வீட்டுக்காரர்கள் உள்ளே போனாலே உறுமுகிறது, பானைச் சோறும் அதற்கே போகிறது. கடைசியில் வீட்டார் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டு அடுப்பே மூட்டாமல் இருக்கிறார்கள், பட்டினி தாங்காமல் நாய் தானாகவே எழுந்து போய்விடுகிறது. அவ்வளவுதான் கதை. வகுப்பில் வாசிக்கச் சொன்னபோது பின் பெஞ்சிலிருந்து, ஏட்டி, கருத்தம்மா எழுதினா நாயாச்சும் வெள்ளையா இருக்கட்டுமேன்னு வச்சுக்கிட்டியா என்று ஒருத்தி கேட்டாள், எல்லோரும் சிரித்தார்கள், இவளும் சிரித்தாள். நான்தான் சிரிக்கவில்லை. எழுதியவருக்குத் தெரியாமலும் எழுத்தில் பொருள் இருக்கும் என்று நீ எழுதியிருந்தாயே, அது என் தலையில் ஓடிக்கொண்டிருந்தது. நோட்டை வாங்கி ஓரத்தில் சிவப்பு மையால், "இந்த நாய் வெறும் நாய் அல்ல. வெள்ளை என்பது யோசித்து வைத்த நிறம். மிக நன்று" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அத்தோடு விட்டேனா, பெற்றோர் வந்த நாளில் மண்டபத்து மேஜையில் மற்ற நோட்டுகளோடு அதையும் விரித்து வைத்தேன்.

யார் பார்த்தார்கள், யார் போய்ச் சொன்னார்கள் என்று தெரியாது. நேற்று போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்து நோட்டை எடுத்துப்போய்விட்டார். சென்னைப் பக்கமிருந்து புதிதாக வந்தவர், இந்த ஊர்ப்பக்கம் அவருக்குப் பழக்கமில்லை. நாளை காலை பத்து மணிக்குத் தலைமையாசிரியை அறையில் நானும் பிள்ளையும் தகப்பனும் இருக்கவேண்டுமாம். சிறைக்குள்ளிருந்து அண்ணன் சொல்லி அனுப்பினானா, அப்பன் எழுதவைத்தானா என்பது அவர் கேள்வி. யுத்த காலச் சட்டத்தில் சமுத்திரத்தையும் உள்ளே போட்டுவிட்டால் அந்தப் பிள்ளைக்கு வீடு என்று ஒன்று இருக்காது. தலைமையாசிரியை என்னைத் தனியே கூப்பிட்டு, எழுத்துப்பிழை மட்டும்தான் திருத்தினேன், கதையைக் கவனிக்கவில்லை என்று சொல்லிவிடு, மற்றது அவர்கள் பாடு என்றார்கள். அந்த அம்மாளும் பயந்துபோய்த்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை என்று எழுத ஆசை, ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அப்பாவிடம் சொன்னேன். அவிய, சிவப்பு மையில எழுதிட்டு எழுத்துப்பிழைன்னா யாரு நம்புவா தேவகிருபை என்று மட்டும் கேட்டார்கள். தெருவில் செருப்புச் சத்தம் கேட்டாலும் எழுந்து போய்க் கதவிடுக்கில் பார்க்கிறேன். உன் பழைய கடிதங்களை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். ஐம்பது வயதை நெருங்குகிறவள் செய்கிற வேலையா இது.

கல்லூரியில் எங்கள் ஆசிரியை ஒருவர், கவிதையில் வெள்ளைப் பூ வந்தால் கள்ளமின்மை என்று குறித்துக்கொள்ளச் சொல்வார். நான் குறித்துக்கொண்டேன், நம்பவில்லை. ஞானஸ்நானத்துக்கும் வெள்ளைதான், தாலியறுத்தவள் சேலையும் இங்கே வெள்ளைதான், ராஜபாளையத்தில் ராஜுக்கள் வீட்டு வேட்டை நாய்களும் வெள்ளைதான். அந்தந்த வாசலில் நின்று பார்த்தால்தான் ஒரு நிறத்துக்கு என்ன பொருள் என்று தெரியும். கதைகளில் வருகிற குழந்தைகளையும் நான் நம்பியதில்லை, பெரியவர்கள் அழுது திருந்துவதற்காக அவர்களை ஒன்றுமறியாமல் நிற்கவைத்திருப்பார்கள். நம் கோயில் கொடியில் இருக்கும் ஆட்டுக்குட்டி பேசாமல் நிற்கிறது, நிஜக் குட்டி கத்தியைப் பார்த்தால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். இப்படியெல்லாம் சந்தேகப்படுகிறவள் நான். பாராட்டும்போது இந்தப் பிள்ளை யோசித்து எழுதினாள் என்றேன், இப்போது பயம் வந்ததும் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்கிறேன். கதை மாறவில்லை, ஒரு எழுத்துகூட மாறவில்லை. வாசிக்கிற நான்தான் மாறிவிட்டேன். நீ நிஜமாகவே நாயைத்தான் எழுதினாயா என்று அவளையே கேட்டுவிடலாம். விடுதி ஒன்றும் தூரத்தில் இல்லை. கேட்கவில்லை, அவள் என்ன சொல்வாளோ என்று பயம்.

நாளைக்கு, அந்தப் பொருள் நான் வாசித்தது, பிள்ளை எழுதியது அல்ல என்று சொல்வதாக இருக்கிறேன். வேலை போகலாம், அதற்கு மேலும் போகலாம். சொல்வேனா என்று எனக்கே நிச்சயமில்லை, அதனால்தான் உனக்கு எழுதி வைக்கிறேன், எழுதியபின் பின்வாங்கினால் உன் முகத்தில் விழிக்க முடியாது. கம்பளிச் சட்டையைக் கழற்றாதே, ஞாயிறு ஆராதனைக்குத் தனியாகப் போகாதே, வகுப்பில் உன் மாணவிகளின் நோட்டில் எதை எழுதினாலும் ஒரு நாள் பொறுத்து எழுது. படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு, மறந்துவிடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அப்பாவின் ஆசீர்வாதமும்.

உன் அம்மா,
தேவகிருபை ஏசுவடியான்

புதன்கிழமை மாலை

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இன்ஸ்பெக்டர் என் சிவப்பு மையை உரக்க வாசித்துவிட்டு, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். நான் எழுந்து சொல்லவேண்டியதைச் சொன்னேன். சத்தம் வெளியே வந்ததா என்றுகூடத் தெரியவில்லை, அவர் இன்னொரு முறை சொல்லச் சொன்னார், சொன்னேன். சமுத்திரம் தலைத்துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு சுவரோரம் நின்றார், அவரை உட்காரச் சொல்லவில்லை. பிறகு இன்ஸ்பெக்டர் பிள்ளையிடம், நாய் ஏன் வெள்ளை என்று கேட்டார். கருத்தம்மா அவரை நிமிர்ந்து பார்த்து, அது எங்க பக்கத்து வீட்டு நாய் சார், வெள்ளையாத்தான் இருக்கும், எங்க ஊர்ல வேற நெறத்துல நாய் ஏது என்றாள். கதவருகே நின்ற கான்ஸ்டபிள் ராக்கப்பன் ராஜபாளையத்துக்காரர், ஆமாய்யா, அங்ஙன அம்புட்டும் வெள்ளைதான், மூக்கு மட்டும் செவந்திருக்கும் என்றார். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். படிச்ச அம்மா, நாயை நாயாப் பாருங்க, பிள்ளைகளைக் கெடுக்காதீங்க என்று நோட்டை என் முன்னால் போட்டுவிட்டுப் போனார். எனக்கு அவமானமாக இருந்தது, அந்த அவமானத்துக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

பிள்ளை நாலு நாள் வீட்டில் இருக்கட்டும் என்று தலைமையாசிரியை சொன்னதால், சமுத்திரம் மில்லுக்கு ஓட, நான் அவளைப் பெட்ரோலுக்குப் பதில் கரி எரித்து ஓட்டுகிற கரிவாயு பஸ்ஸில் ராஜபாளையம் கூட்டிப்போனேன். வழியெல்லாம் புகை. அவள் வீட்டுத் தெருவுக்கு நான் இதுவரை போனதில்லை. பக்கத்து வீட்டு வாசலில் நாய் படுத்திருந்தது. செவலை நாய், ஒரு வெள்ளை மயிர்கூட இல்லை. நான் அதைப் பார்த்தேன், நான் பார்த்ததைக் கருத்தம்மா பார்த்தாள். தன் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டே, கருப்பட்டிக் காப்பி போடட்டுமா டீச்சர் என்று கேட்டாள். போடு என்றேன்.