திரும்பி வரும் துப்பாக்கி

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி தேவலையா? இந்தக் காட்டுக் காவல் கோபுரத்தில் நான் நலம். கரடிக்காக நெப்ராஸ்காவிலிருந்து நீங்கள் முறைப்படி அனுப்பிய துப்பாக்கி, மொன்டானாவில் லோனியின் துப்பாக்கிக் கடைக்கு வந்தது. கொடுக்குமுன் அவர் சட்டப்படி கேட்டார்.

"எப்பவாவது கோர்ட்டு உத்தரவு போட்டு உன்ன மனநல ஆஸ்பத்திரியில வச்சிருந்தாங்களா அம்மா?"

"ஆமா, பத்தொன்பது வயசுல."

பெட்டியை மூடிவிட்டார். "அப்போ ஆயுசுக்கும் இதத் தொடக் கூடாது. உங்கப்பாவுக்குத் தெரியாதா?"

"கரடி வந்தா பாட்டுப் பாடு தாயி!" என்றார் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என்னை அடைக்கச் சொல்லி நீதிபதியிடம் மனு கொடுத்தவர் நீங்கள்தான் என்று சொல்லவில்லை. உங்களுக்கே மறந்திருக்கிறது.

துப்பாக்கி திரும்பி வருகிறது. கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். அது உங்களுக்குச் சிரமமில்லை. என் பழைய கம்பளியை அனுப்புங்கள். அதற்கு யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். கரடி இன்னும் கோபுரத்தின் கீழ்ப் படிவரைதான் வருகிறது.

தபால் வண்டி கிளம்புகிறது.

மகள் ஹேட்டி