செவ்வாயில் புட்டு அவித்த அண்ணைக்கு

என் அன்புப் பெரியண்ணை,

உங்கள் ரஷ்ய எழுத்தாளரின் கதை தமிழில் முடிந்துவிட்டது. இதைச் சொல்லாமல் வேறெதுவும் எழுத வரவில்லை.

மொஸ்கோவில் பொறியியல் படித்த காலத்தில் நீங்கள் கண்டெடுத்தவர் அவர். ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன்பே, நோயில் வருடக்கணக்காகப் படுத்துக் கிடந்தபடி, மனிதர்களை வானத்துக்கும் கடலடிக்கும் அனுப்பி வைத்தவர். "எழும்ப ஏலாத மனுசன் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் பார்" என்று உங்களுக்கு டயாலிசிஸ் நடக்கும்போது என்னிடம் சொல்வீர்கள். அவருடைய செவ்வாய்ப் பயணக் கதையைத் தமிழாக்கத் தொடங்கினீர்கள். முடிவு என்ன என்று கேட்டால், "பொறு, வாசிப்பாய்தானே" என்று சிரிப்பீர்கள். கடைசி அத்தியாயம் மிச்சமிருக்கப் போய்விட்டீர்கள். ரஷ்ய மொழி தெரியாத நான் எப்படி வாசிப்பது, அண்ணை?

மிசிசாகாவில் என்னோடு வேலை செய்யும் கலினாவைக் கேட்டேன். அவள் ரஷ்யாவில் பிறந்தவள். ஞாயிறு மத்தியானங்களில் ரூஜில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாள். முதலில் நீங்கள் எழுதியதை நான் ஆங்கிலத்தில் சொல்ல, அவள் மூலத்தோடு ஒப்பிட்டாள். பயணிகள் செவ்வாயில் சாப்பிடும் இடத்தில் நிறுத்தினாள்.

"புட்டா? இங்கே கஞ்சி என்றுதானே இருக்கிறது!"

இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். மாற்றலாமா என்று மகளைக் கேட்டேன். "மாத்தாதேங்கோ அம்மா, மாமா வேணுமெண்டுதான் செய்திருப்பார்" என்றாள். விட்டுவிட்டோம்.

கடைசி அத்தியாயத்தை அவள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதினேன். அதில் எல்லாரும் பூமிக்குத் திரும்ப, பயணிகளில் ஒருவரான கிழ மாலுமி மட்டும் செவ்வாயிலேயே நின்றுவிடுகிறார். அந்த இடத்தில் எனக்குப் பேனா ஓடவில்லை. கலினா என் கையைப் பிடித்து, "எழுது. அவர் அழவில்லை, கைதான் அசைக்கிறார்" என்றாள்.

இதனால்தான் எனக்கு முடிவைச் சொல்லவில்லையா, அண்ணை?

போன சனிக்கிழமை அஜின்கோர்ட்டில் ஒரு சின்ன மண்டபத்தில் முழுவதையும் வாசித்தோம். புட்டு வந்தபோது மண்டபமே கொல்லென்று சிரித்தது. முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு முதியவர் எழும்பினார்.

"பிள்ளை, அங்க நிண்டவருக்குப் பிறகு என்ன நடந்தது?"

புத்தகத்தில் பதில் இல்லை. ஆனால் என் வாயில் வந்துவிட்டது.

"அவர் அங்க சுகமாய் இருக்கிறார், அங்கிள்."

"ஓம், அதுதானே" என்று திருப்தியாக உட்கார்ந்தார். சொன்ன பிறகுதான் நானும் அதை நம்பினேன்.

இப்போது கலினாவிடம் ரஷ்ய எழுத்துப் படிக்கிறேன். என் உச்சரிப்பைக் கேட்டு அவள் காதைப் பொத்துகிறாள். பொத்தட்டும். உங்கள் அலுமாரியில் இருக்கும் அவருடைய மற்றப் புத்தகங்களை, எவரையும் கேட்காமல் நானே வாசிப்பேன். இது உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்களிடம் முடிவு கேட்டு நச்சரித்த கடைசித் தங்கச்சி,
வதனி