முன்னிருந்த நோய்

2007 மார்ச் 5, திங்கள்

காப்புறுதிக் கம்பனியின் இரத்தினபுரி அலுவலகத்தில் மூன்றாவது மாதம். காப்புறுதிக் கோரிக்கையில் டாக்டர் கிறுக்கியிருக்கும் நோயைப் படித்து, அதற்குரிய குறியீட்டைக் கம்ப்யூட்டரில் அடிப்பது. அவ்வளவுதான் வேலை. குளவிக்கொட்டுக்கு எக்ஸ் 23. காரணம் தெரியாத நெஞ்சுவலிக்கு ஆர் 07.4. எந்த நாட்டிலும் அதே எண். எனக்கு அது பிடித்திருக்கிறது, வளவளவென்று பேச இடமில்லை.

டிசம்பரில் தேயிலைத் தோட்டக் கம்பனி எல்லாருக்கும் எங்கள் அலுவலகத்தின் காப்புறுதிக் கார்டு கொடுத்ததிலிருந்து லயத்து வரிசை வீடுகளில் என்னை விடுகிறார்களில்லை. பக்கத்துக் காம்பரா நல்லையா மாமா, “மாப்ள, என் வியாதி நம்பரச் சொல்லு, லொத்தர்ல போட்டுப் பாக்கிறேன்” என்கிறார்.

மார்ச் 14

அம்மா மலையில் விழுந்துவிட்டார். கொழுந்துக் கூடையோடு. பெரியாஸ்பத்திரி.

மார்ச் 22

இருதயத்துக்குப் போகும் இரத்தக் குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு. ஒப்பரேசன் செய்ய வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் அடுத்த வருடம்தான் இடம். அதுவரை தாங்காது என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்தே சொன்னார். கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரியில் உடனே செய்யலாம், கார்டு இருந்தால். இருக்கிறதே. கோரிக்கையை நானே நிரப்பினேன். ஒரு பிழையும் இல்லை.

மார்ச் 29, வியாழன்

நிராகரிப்பு.

மேலதிகாரி நிலந்தி மிஸ் என் மேசைக்கே கொண்டுவந்தார். “மே ஒயாகே அம்மா நேத?” உன் அம்மாதானே என்று சிங்களத்தில். தலையாட்டினேன். காரணம்: முன்னிருந்த நோய். கார்டு கிடைக்கும் முன்பே இருந்த நோய்க்குக் காப்புறுதிக் கம்பனி பணம் கொடுக்காது. தோட்ட டிஸ்பென்சரிப் பதிவை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வெள்ளையம்மா, நெஞ்சுவலி. வெள்ளையம்மா, நெஞ்சுவலி. வருடக்கணக்காக.

அம்மாவுக்கா? ஒரு நாள் என்னிடம் சொன்னதில்லையே.

மார்ச் 30

கேட்டேன். அம்மா கட்டிலில் சாய்ந்தபடி சிரிக்கிறார்.

“லீவுக்குடா. காச்சல்னா அந்தக் கண்ணாடிக் குழாய் காட்டிக் குடுத்துரும். தலவலின்னா ரெண்டு வில்லையக் குடுத்து மலைக்கு வெரட்டிருவாரு. நெஞ்சுவலின்னா யாருடா மலை ஏறச் சொல்லுவா?”

சித்தி மகள் சடங்கு, மாமன் வீட்டு எழவு, தேர். எல்லாம் ஆர் 07.4. லயமே அப்படித்தானாம். பைத்தியங்கள்.

ஏப்ரல் 1, ஞாயிறு

டிஸ்பென்சர் முஹ்ஸின் ஐயாவின் குவாட்டர்ஸ். சுற்றி வளைக்காமல் சொன்னேன்: அம்மாவின் நெஞ்சுவலித் துண்டுகள் லீவுக்காகக் கொடுத்தவை, நோய் இல்லை என்று எழுதித் தந்தால் மேன்முறையீடு செய்யலாம்.

“நான் பொய்த் துண்டு குடுத்தேன் எண்டு நானே எழுதணும்?”

“பொய்தானே ஐயா.”

“பொய்தான். பென்சனுக்கு இன்னும் ரெண்டு வருசம் ஈக்கி மகன். தெரியும்தானே?”

தெரியும் என்றேன். அவர் கதவைச் சாத்தவில்லை. உள்ளே போய்விட்டார். நான் லயத்துக்குத் திரும்பினேன்.

ஏப்ரல் 4

ஒன்றும் இல்லை. அம்மா சோறு சாப்பிடவில்லை.

ஏப்ரல் 6

முஹ்ஸின் ஐயாவே லயத்துக்கு வந்தார். நான் கேட்ட கடிதத்தோடு, கையெழுத்து, முத்திரை எல்லாம் வைத்து. அம்மாவிடம், “என்ன வெள்ளையம்மா, இண்டைக்கு என்ன வலி எண்டு எழுத?” என்று கேட்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டார்.

அவர் போனபிறகு அம்மா சொல்கிறார், “எல்லாமே பொய்யில்லடா குமாரு.”

“என்னது?”

“போன வருசத் தேருக்குத் துண்டு வாங்கப் போனப்ப, உள்ள நெசமாவே ஒரு பிடி பிடிச்சுச்சு. எப்பவும் சொல்ற பொய்யாச்சேன்னு நானும் விட்டுட்டேன்.”

அப்படியானால் கம்பனி சொன்னது சரி. முன்னிருந்த நோய்தான்.

“இத வேற யாருகிட்டயும் சொல்லிறாதீங்க.”

மேன்முறையீட்டில் எல்லாம் பொய் என்றே எழுதி அனுப்பினேன்.

மே 9

அனுமதி வந்துவிட்டது.

மே 17

ஒப்பரேசன் முடிந்தது. கண்ணாடிக்கு அப்பால் அம்மா, வாயில் குழாய். எனக்கு ஏன் ஒன்றும் தோன்றவில்லை? பசித்தது. கன்டீனில் ரோல்ஸ் சாப்பிட்டேன்.

மே 28

அந்தக் கடிதத்துக்காக முஹ்ஸின் ஐயாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். லொறியில் சாமான் ஏற்றிக்கொண்டு மாவனல்லைக்குப் போனாராம், மகள் வீட்டுக்கு. நான் அலுவலகத்தில் இருந்தேன்.

ஜூன் 3, ஞாயிறு

தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் ஆம்பளைகள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். தங்கள் கார்டும் செல்லாமல் போகுமா என்று. முன்னிருந்த நோய், விலக்கு, காத்திருப்புக் காலம் எல்லாவற்றையும் விளக்கினேன். விழித்தார்கள். எரிச்சல் வந்தது.

“ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. இனிமே டிஸ்பென்சரில யாரும் நெஞ்சுவலின்னு வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா பழைய பொய்த் துண்டும் நெசம்னு ஆகிரும், கார்டு போச்சு.”

“அப்ப என்ன வலின்னு சொல்றது?” என்றார் நல்லையா மாமா.

“முட்டிவலின்னு சொல்லுங்க, எவன் பாக்கப் போறான்.”

எல்லாரும் சிரித்தார்கள்.

ஜூலை 15

அம்மா முற்றத்தில் நடக்கிறார். கோழியை விரட்டுகிறார். மார்புத் தழும்பை எல்லாருக்கும் காட்டுகிறார், வெட்கமில்லாமல்.

ஓகஸ்ட் 6, திங்கள்

நல்லையா மாமா காலையில் செத்துப்போனார். வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் புறப்பட்டவர், வாசலில். மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் எழுதினார்கள்.

அவர் மனைவி சுப்பம்மா அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒரு வாரமா நெஞ்சப் பிடிச்சுக்கிட்டே கெடந்தாரு, தம்பி. புது டிஸ்பென்சர்கிட்ட மூணு தடவ போனாரு. மூணு தடவயும் முட்டிவலின்னுதான் சொன்னாரு. தேச்சுக்க எண்ண குடுத்தாங்க. நீ சொன்னத அவரு தட்டவே இல்ல.”

குறையாகச் சொல்லவில்லை. பெருமையாகச் சொன்னார்.

ஓகஸ்ட் 21

நல்லையா மாமாவின் மரணக் கோரிக்கை என் மேசைக்கு வந்தது. மாரடைப்பு, ஐ 21.9. புது டிஸ்பென்சரின் பதிவையும் பார்த்தேன், மூன்று வரி, மூன்றும் முழங்கால். இவ்வளவு சுத்தமான கோரிக்கை இந்த வருடத்தில் வந்ததில்லை என்றார் நிலந்தி மிஸ்.

முன்னிருந்த நோய் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று அடித்து, அடுத்ததை எடுத்தேன்.